மேடை ஏறாத விசுவாசிகளைப் பேட்டி எடுத்துப் பாட்காஸ்ட் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதகராகவோ பாடகராகவோ ஊழிய மேடைகளில் தெரிந்த முகமாகவோ இல்லாத கிறிஸ்தவர்களை உட்காரவைத்துப் பேசி, அதைப் பாட்காஸ்ட்டாக வெளியிட்டு வருகிறேன். நாற்பது எபிசோடு தாண்டிவிட்டது. இதே மாதிரி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சிலவற்றில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. ஒத்துப்போகாவிட்டால் தாராளமாக உங்கள் வழியில் செய்யுங்கள்.

முதலில், பாட்காஸ்ட் என்றால் என்ன? யூடியூபில் வீடியோ போட்டால் போதாதா?

ஒலிப்பதிவை இணையத்தில் ஓரிடத்தில் ஏற்றி வைக்கிறோம். புதிது வந்தால் கேட்பவரின் ஆப்புக்குத் தானாகத் தகவல் போகிறது. அந்தத் தகவலைச் சுமந்து செல்வது ஆர்.எஸ்.எஸ். ஃபீட். அவ்வளவுதான் விஷயம். 'பாட்காஸ்டிங்' என்ற சொல் 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் பரவலானது.

வீடியோ தவறில்லை. ஆனால் நாம் அழைக்கப்போகிறவர்கள் கேமரா பார்த்துப் பழகாதவர்கள். கேமராவை வைத்ததும் முதுகு நிமிர்கிறது, சட்டையைச் சரி செய்கிறார்கள், பேச்சும் இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மைக் மட்டும் இருந்தால் பத்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்கள். இன்னொன்று, முகம் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் குரலைத் தரச் சம்மதிப்பார்கள்.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பிரசங்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. இது எதற்கு?

1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கல்வாரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் மாலை ஆராதனையை கே.டி.கே.ஏ. வானொலி ஒலிபரப்பியது. வானொலியில் போன முதல் ஆராதனை என்று அதைத்தான் சொல்வார்கள். ஆராதனைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று தொழில்நுட்ப ஆட்கள் பாடகர் குழுவின் அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அன்றிலிருந்து பெரும்பாலும் மைக் இருக்கும் இடம் பிரசங்க பீடம்தான். அங்கே பேசுபவருக்குப் பதில்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

வேதாகமம் அப்படி மட்டும் எழுதப்படவில்லை. அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில் யோப்பாவில் தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு வந்ததும் விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அங்கே பதிவாகவில்லை, துணிதான் பதிவாகியிருக்கிறது. ரோமர் 16-ல் பவுல் பெயர் பெயராக வாழ்த்து சொல்லிக்கொண்டே போகிறபோது, நடுவே நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியு, 'நானும் வாழ்த்துகிறேன்' என்று ஒரு வரி நுழைத்துவிடுகிறார். அந்த ஒரு வரிக்காரரை உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசினால் எப்படியிருக்கும்? என் பாட்காஸ்ட் அந்த ஆசையில் வந்தது.

சபையில் சாட்சி சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

சபையில் சாட்சிக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்குள் சொல்லும்போது அதற்கு ஒரு அச்சு வந்துவிடுகிறது: முன்பு இப்படி இருந்தேன், ஆண்டவர் சந்தித்தார், இப்போது இப்படி இருக்கிறேன், ஸ்தோத்திரம். பலமுறை சொன்னவர்களுக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் சந்திப்பு நடந்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் கிடக்கும் பதினைந்து வருடம் அதில் வராது. நமக்கு வேண்டியது அந்தப் பதினைந்து வருடம்.

ஒரு செவிலியரைப் பேட்டி எடுத்தேன். இரவுப் பணி, இருபது வருட அனுபவம். முதல் அரை மணி நேரம் அவர் பேசியது எல்லாம் நல்ல பேச்சு. 'கர்த்தர் இம்மட்டும் நடத்தினார்', 'அவருடைய கிருபை பெரியது'. எனக்கு உள்ளுக்குள் கவலை, இதை வைத்து எபிசோடு செய்ய முடியாதே என்று. சரி, முடித்துக்கொள்வோம் என்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, சும்மா பேச்சுக்கு, 'நைட் ஷிஃப்ட்ல ஜெபம் பண்ண நேரம் கிடைக்குமா?' என்றேன். அவர் சிரித்தார். 'எங்க கிடைக்கும்? ஒவ்வொரு ரூமுக்கும் போறதுக்கு முன்னாடி கை கழுவணும்ல, அந்த நேரத்துல உள்ள இருக்கறவங்க பேரைச் சொல்லிக்குவேன். அவ்வளவுதான். சில நாள் கோபமா இருந்தா பேரை மட்டும் சொல்லுவேன், வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்.'

பதிவு ஓடிக்கொண்டேதான் இருந்தது. நான் அதைச் சொல்லி, சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். 'இதுல என்ன இருக்கு?' என்று ஆச்சரியப்பட்டுவிட்டுச் சரி என்றார். எபிசோடு அந்தக் குழாய்ச் சத்தத்தைப் பற்றிய பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது. முன்னால் பேசிய அரை மணி நேரத்தில் நான்கு நிமிடம்தான் வைத்தேன்.

யாரை அழைப்பது?

'என்கிட்ட சொல்ல என்ன இருக்கு?' என்று கேட்பவர்களை. 'எப்போ வரணும்?' என்று உடனே கேட்பவர்களைக் கொஞ்சம் ஆறப்போடலாம்.

முதல் ஐந்து எபிசோடுக்குப் போதகர்களை அழைக்காதீர்கள். அவர்கள் நன்றாகப் பேசுவார்கள், அதுதான் சிக்கல். பாட்காஸ்ட்டின் தொனி அங்கேயே தீர்மானமாகிவிடும், அடுத்து வரும் பேருந்து ஓட்டுநர் தானும் அப்படிப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். உங்கள் சபை ஆட்களோடு நின்றுவிடவும் வேண்டாம். கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார், பெந்தெகொஸ்தே, ஆர்த்தடாக்ஸ் என்று கலந்து அழைத்தால் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகப் புரிந்து வைத்திருப்பது தெரியும். நேற்று விசுவாசத்துக்கு வந்தவர், பிறந்ததிலிருந்து சபையில் இருந்து சலித்துப்போனவர், இரண்டு பேருமே வேண்டும்.

பதிவுக்கு முன் ஒருமுறை மைக் இல்லாமல் போனில் கால்மணி நேரம் பேசிவிடுங்கள். எதைப் பேசும்போது குரல் மாறுகிறது என்று கவனித்துக் குறித்து வைத்தால் போதும்.

என்ன கேள்விகள் கேட்பது?

'உங்கள் விசுவாசப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கினால் மனப்பாடச் சாட்சிதான் வரும். நாளைக் கேளுங்கள், நேரத்தைக் கேளுங்கள், பொருளைக் கேளுங்கள். நேற்று காலை எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? உங்கள் வேதாகமத்தில் எந்தப் பக்கம் அதிகம் கசங்கியிருக்கிறது? வேலை செய்யும் இடத்தில் நீங்கள் கிறிஸ்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும், எப்படித் தெரிந்தது? மன்னிக்கவே முடியாமல் இன்னும் யாரையாவது மனதில் வைத்திருக்கிறீர்களா? கடைசியாக எப்போது ஆலயத்துக்குப் போகப் பிடிக்காமல் போனீர்கள்?

சபைப் பேச்சு வரும். வரட்டும், அது அவர்கள் மொழி. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். 'ஆண்டவர் பேசினார்' என்றால், 'எப்படிப் பேசினார்? குரல் கேட்டதா, வசனம் நினைவுக்கு வந்ததா, இல்லை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு எண்ணமா?' 'பாரம் உண்டானது' என்றால், 'அந்தப் பாரம் வந்தபிறகு அன்றைக்குச் செய்த முதல் காரியம் என்ன?' சந்தேகப்பட்டுக் கேட்பதுபோல் தொனிக்கக்கூடாது. குரலில் ஆசை இருந்தால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. விசுவாசத்துக்கு வெளியே இருந்து கேட்பவர்களுக்கும் இந்த இடத்தில்தான் கதவு திறக்கிறது. அவர்களுக்காகத் தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதிப் பேர் மூன்றாவது எண்ணிலேயே மறுபடி பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதுதான் நல்ல பகுதியாக இருக்கும்.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்பலாமா?

எதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லுங்கள். கேள்விகளை அனுப்பினால் எழுதி வைத்துப் படிப்பார்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தொடங்க உங்கள் போன் போதும். நிஜமாகத்தான் சொல்கிறேன். மைக் வாங்குவதற்கு முன் அறையைக் கவனியுங்கள். வெற்றுச் சுவர், கல் தரை, எதிரொலி என்றால் எவ்வளவு நல்ல மைக்கும் கிணற்றுக்குள் பேசுவதுபோல்தான் தரும். திரைச்சீலை, மெத்தை, துணி அடுக்கிய அலமாரி உள்ள படுக்கையறைதான் வீட்டில் இருப்பதிலேயே நல்ல ஸ்டூடியோ. மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

மைக் வாங்குவதாக இருந்தால் டைனமிக் வகை. கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் பக்கத்துத் தெரு ஹாரனையும் அதே அக்கறையோடு கேட்கும். ஆளுக்கொரு மைக், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு கையகல இடைவெளி, மைக் நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக. அப்போதுதான் 'ப', 'ஃப' ஒலிகளில் காற்று அடிக்காது. இரண்டு குரலும் தனித்தனி டிராக்கில் பதிவாகும்படி செய்தால் எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம். பதிவை ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக, 44.1 கிலோஹெர்ட்ஸ் அல்லது 48-ல் வைத்துக்கொள்ளுங்கள். அளவு சுருங்கிய எம்.பி.3 ஆக்குவது கடைசி வேலை.

என் முதல் பதிவில் மைக் பளபளவென்று மேசைமேல் நின்றது. ஒரு மணி நேரம் பேசி முடித்துக் கேட்டால் எல்லாம் லேப்டாப்பின் உள் மைக்கில் பதிவாகியிருக்கிறது, விசைப்பலகைச் சத்தத்தோடு. அன்றிலிருந்து பதிவைத் தொடங்கியதும் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். திரையில் அலை துள்ளினால்தான் அடுத்த பேச்சு.

வெளியூரில் இருப்பவரை எப்படிப் பதிவு செய்வது?

இணைய அழைப்பில் பேசுங்கள், ஆனால் அழைப்பின் ஒலியை நம்பாதீர்கள். அவர் தன் போனில் குரல் பதிவு ஆப்பைப் போட்டுத் தன் பக்கத்தைப் பதிவு செய்யட்டும், நீங்கள் உங்கள் பக்கத்தை. இரண்டு பேரும் ஹெட்ஃபோன் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் குரல் அவர் பதிவிலும் விழும். தொடக்கத்தில் ஆளுக்கொரு கைதட்டு. எடிட்டிங்கில் இரண்டு அலையையும் அந்தத் தட்டில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒரு தலையணையை எதிரே வைத்துப் பேசச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், ஆனால் செய்வார்கள்.

எடிட்டிங்கில் எவ்வளவு வெட்டலாம்?

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000-லிருந்து இருக்கிறது, இதற்கு அது தாராளம். இருமல், திரும்பத் திரும்பச் சொன்னது, வழிதவறிப்போன கிளைக்கதை, இவற்றை வெட்டுங்கள். தயக்கத்தை விட்டுவையுங்கள். மகனைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் ஏழு வினாடி பேசாமல் இருந்தால், அந்த ஏழு வினாடியும் பதில்தான்.

ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறு கேள்விக்குப் பின்னால் ஒட்டக்கூடாது. விசுவாசத்தைப் பற்றிய பாட்காஸ்ட்டில் அது ஒட்டுவேலை மட்டுமில்லை, பொய்சாட்சி.

உங்கள் குரலையும் வெட்டப் பழகுங்கள். முதல் எபிசோடில் விருந்தினர் பேசப் பேச நான் 'ஆமென்' சொன்னதை எண்ணிப் பார்த்தேன், 61 முறை. இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

கடைசியில் ஒலி அளவு. காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு எல்.யூ.எஃப்.எஸ். ஆப்பிள் பரிந்துரைப்பது அதில் மைனஸ் 16. மென்பொருளில் அந்த எண்ணைக் கொடுத்தால் அதுவே சரி செய்துவிடும்.

பாட்டும் வசனமும் சேர்க்கலாமா?

பழைய கீர்த்தனையின் வரிகளுக்கும் ராகத்துக்கும் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கலாம். ஆனால் அதைப் போன வருடம் ஒருவர் பாடிப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவருடையது. சபையில் பாடுகிறோமே என்பது இணையத்தில் செல்லாது. விருந்தினரையே நான்கு வரி பாடச் சொல்லுங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை, உரிமை முடிந்த பாடலாக மட்டும் இருக்கட்டும். வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்புகளுக்கும் உரிமையாளர்கள் உண்டு. எத்தனை வசனம்வரை அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று பொதுவாக முதல் பக்கங்களில் அச்சிட்டிருப்பார்கள். ஓரிரு வசனம் வாசிப்பதில் பெரும்பாலும் தொல்லை இருக்காது. முழு அதிகாரமாக வாசிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

எங்கே ஏற்றுவது?

ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் ஹோஸ்டிங் சேவை ஒன்றில் ஏற்றினால் அது ஆர்.எஸ்.எஸ். முகவரியைத் தரும். அந்த முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற இடங்களில் ஒருமுறை பதிந்தால் போதும், பிறகு எல்லா இடத்துக்கும் தானாகப் போகும். கட்டணச் சேவையும் உண்டு, இலவசமும் உண்டு. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டிகளில் அதைப் பார்த்தால் தாண்டிப் போங்கள். எந்தச் சேவையை எடுத்தாலும், பின்னால் மாறும்போது ஃபீடைத் திருப்பிவிட அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சேர்ந்த நேயர்களை இழந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அட்டைப் படம் சதுரமாக, 1400-லிருந்து 3000 பிக்செல்வரை. போனில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும், அதனால் படத்தில் வசனம் எழுத வேண்டாம். பேச்சு மட்டும் என்றால் 64 கிலோபிட் மோனோ (ஒரே ஒலித்தடம்) எம்.பி.3 போதும், அரை மணி நேரம் சுமார் 14 எம்.பி. வரும். டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்கள் மனதில் வாழ்த்துவார்கள். ஃபீடில் உங்கள் மின்னஞ்சல் முகவரி வெளியே தெரியலாம், அதற்கென்று தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு நீளம், எத்தனை நாளுக்கு ஒன்று?

சுவாரஸ்யம் இருக்கும்வரை. எனக்கு முப்பதிலிருந்து நாற்பது நிமிடத்தில் முடிகிறது. வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு ஏழாவது வாரம் மூச்சு வாங்கியவர்கள் நிறைய. எட்டு எபிசோடு கொண்ட ஒரு பருவம், அப்புறம் இடைவெளி. மூன்று எபிசோடு கையில் தயாராக இல்லாமல் முதல் ஒன்றை வெளியிட வேண்டாம்.

சபையில் அனுமதி வாங்க வேண்டுமா?

உங்கள் சொந்த முயற்சி என்றால் கட்டாயமில்லை, ஆனால் போதகரிடம் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை. சபையின் பெயரையோ அறையையோ பயன்படுத்துவதாக இருந்தால் எதை வெளியிடுவது என்ற முடிவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பத்தாவது எபிசோடில் அந்தப் பேச்சு வந்தால் மனக்கசப்பில்தான் போய் முடியும்.

ஜெபம் கேட்கப்படாதவர்களின் கதையை எப்படி வெளியிடுவது? கேட்பவர்கள் சோர்ந்துபோக மாட்டார்களா?

எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த மாதிரி எபிசோடுகளுக்குத்தான். குணமாகாத மனைவியைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்ட ஒருவர், 'ஏன்னு இன்னும் தெரியல, கேக்கறதை விட்டுட்டேன், ஆனா பேசறதை விடல' என்று சொன்னார். நான் அங்கேயே எபிசோடை முடித்தேன். ஆறுதலாக ஒரு வசனம் சேர்த்திருக்கலாமே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். 88-ம் சங்கீதம் ஆறுதலில் முடிவதில்லை. பவுல் தன்னை வாட்டிய, 'முள்' என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. அவற்றையெல்லாம் வேதாகமத்திலிருந்து யாரும் வெட்டி எடுக்கவில்லை.

மறுபக்கமும் ஜாக்கிரதை தேவை. குணமான சாட்சி வந்தால், மருந்தை நிறுத்தினேன் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நோயோடு தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்வார். மருத்துவ உதவியைப் பற்றி விருந்தினரிடமே கேட்டு, அதையும் சேர்த்துத்தான் வெளியிடுவேன். அவர் மறுத்தால் அந்தப் பகுதி வராது.

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால்?

சொல்வார்கள். மனம் திறந்தால் கூடவே மாமியாரும் முதலாளியும் பழைய சபை மூப்பரும் வெளியே வந்துவிடுவார்கள். அங்கே இல்லாதவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லை என்பதால் பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிடுகிறேன். பிள்ளைகள் பற்றிய கதை என்றால், அவன் இருபது வயதில் இதைக் கேட்டால் கூசுவானா என்று பெற்றோரையே யோசிக்கச் சொல்வேன். குடும்பத்துக்குத் தெரியாமல் விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. குரலே காட்டிக்கொடுக்கும். அவர்களுடைய கதையை நீங்களே உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

யாராவது ஒரு குழந்தைக்கு இப்போது தீங்கு நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் பதிவை நிறுத்துங்கள். அது எபிசோடு இல்லை, உரிய அதிகாரிகளிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம். மன்னித்துவிட்டேன் என்று பாதிக்கப்பட்டவர் சொல்வதால் அது முடிந்துபோவதில்லை.

பதிவுக்கு முன் எழுத்தில் சம்மதம், வெளியிடும் முன் எடிட் செய்ததை அவருக்கு அனுப்பி மூன்று நாள் அவகாசம். பத்திரிகைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் பத்திரிகைக்காரன் இல்லை.

காணிக்கை கேட்கலாமா?

செலவைச் சொல்லி, விரும்பினால் உதவுங்கள் என்று கேட்பதில் தப்பில்லை. கொடுத்தால் ஆசீர்வாதம் வரும் என்று சொல்லிக் கேட்காதீர்கள். விருந்தினரின் கண்ணீருக்கு அடுத்த வினாடியிலும் கேட்காதீர்கள்.

எத்தனை பேர் கேட்டால் வெற்றி?

புள்ளிவிவரத்தில் வரும் 'டவுன்லோடு' என்பது ஆள் கணக்கு இல்லை. விளம்பரத் துறையின் ஐ.ஏ.பி. என்ற அமைப்பு வகுத்த விதிப்படி, ஒரே கருவி 24 மணி நேரத்தில் எத்தனை முறை இறக்கினாலும் ஒன்று, அதுவும் குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும். ஆப் தானாக இறக்கி வைத்து ஒருவரும் கேட்காததும் அதில் சேரும். எனக்கு ஒரு எபிசோடுக்கு முன்னூறு சுற்றி வருகிறது. முன்னூறு பேர் ஆலயத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் செவிலியர் மேடையேறி இருக்கவே மாட்டார்.

வெளியிட்ட பிறகு விருந்தினர் மனம் மாறினால்? விசுவாசத்தையே விட்டுவிட்டால்?

எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவேன். ஹோஸ்டிங்கில் நீக்கினால் ஆப்களின் பட்டியலிலிருந்து போய்விடும். ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களிடம் இருக்கும் பிரதியை யாராலும் திரும்ப வாங்க முடியாது. இதை முதல் நாளே, சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன், வாயால் சொல்லிவிடுங்கள்.

விசுவாசத்தை விட்டுவிட்ட ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் நீக்கச் சொல்லவில்லை. 'அன்னைக்கு நான் சொன்னது அன்னைக்கு உண்மைதான், இருக்கட்டும்' என்றார். எபிசோடு இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு மறுபடி வந்து பேசுவாரா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.